பிளேற் கொண்டு வரச் சொன்னால் வெறும் பிளேற்றோடு போகாதேங்கோ



பிள்ளையைப் பாடசாலையில் சேர்த்துக் கொஞ்ச நாளிலேயே வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். இல்லாவிட்டால் உங்களுடைய இங்கிலிஷ் வகுப்பு ரீச்சர் தவணை முடிகிற கிழமையில் சொல்லுவா: "பிளீஸ் பிறிங் எ பிளேற்." இதைக் கேட்டுவிட்டுக் கோப்பை, பீங்கான் இல்லாத இடமாக்கும் என்று நினைத்து, கழுவித் துடைத்த வெறும் பிளேற்றோடு போய் நிற்கவேண்டாம். அதன் கருத்து, ஒரு பிளேற்றில் எல்லாரும் பகிர்ந்து சாப்பிடக்கூடிய ஏதாவது சாப்பாடு கொண்டு வாருங்கள் என்பதுதான். வெறும் பிளேற்றோடு போய் நின்ற புது ஆட்களின் கதை இந்த நாட்டில் பழைய பகிடி. கிறீஸ், இத்தாலி, வியட்நாம் என்று எந்த நாட்டில் இருந்து வந்தவர்களைக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருப்பார்கள்.

மார்ச் மாதத்தில் இந்தக் கடிதம் கட்டாயம் வரும் என்று வையுங்கோ. மார்ச் 21ஆம் திகதி இங்கே "ஹார்மனி டே". 1999ஆம் ஆண்டு தொடங்கியது. இப்போது ஒரு கிழமையாகவே கொண்டாடுகிறார்கள். பிள்ளைகள் செம்மஞ்சள் நிற உடுப்போடு போவார்கள். பல பாடசாலைகளில் தாய் தகப்பனிடம் தங்கள் நாட்டுச் சாப்பாடு கொண்டு வரச்சொல்லிக் கேட்பார்கள். எங்கட ஆட்கள் பலர் அந்த நேரத்தில் "எங்கட சாப்பாட்டை இவர்கள் எங்கே சாப்பிடப் போகினம்" என்று கடைக்குப் போய் ஒரு பெட்டி பிஸ்கற் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பிஸ்கற் கொடுப்பதில் பிழை இல்லை. ஆனால் அந்த மேசையில் உங்கள் பயத்தம் பணியாரத்துக்கும் இடம் இருக்கிறது. அதை எப்படிக் கொண்டு போவது, கொண்டு போகமுன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன். இதில் சில விஷயங்கள் பகிடி இல்லை. ஒரு பிள்ளையின் உயிரோடும், உங்கள் விசாவோடும் சம்பந்தப்பட்டவை.

எதைக் கொண்டு போகலாம்

காய்ந்த பலகாரம்தான் நல்லது. முறுக்கு, தட்டை வடை, கொக்கிஸ், பயத்தம் பணியாரம், சீனி அரியதரம், சிப்பி போன்றவை வெளியில் இருந்தாலும் லேசில் பழுதாகாது. தேங்காய்ப்பூ வைத்த கொழுக்கட்டை, பால் சேர்த்த பொங்கல், சட்னி, மீன் கட்லற் எல்லாம் அப்படி இல்லை. இங்கே உணவுப் பாதுகாப்புக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பழுதாகக்கூடிய சாப்பாடு 5 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிராக இருக்க வேண்டும், அல்லது 60 பாகைக்கு மேலே சூடாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் வரை இருந்தால் திரும்ப ஃபிறிட்ஜில் வைக்கலாம். இரண்டில் இருந்து நான்கு மணித்தியாலம் என்றால் உடனே சாப்பிட்டு முடிக்க வேண்டும். நான்கைத் தாண்டினால் குப்பைக்குள் போட வேண்டும். மெல்பேர்ணில் கோடைகாலத்தில் 40 பாகை அடிக்கிற நாளில் கொழுக்கட்டையைக் காருக்குள் விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

உறைப்பைப் பற்றியும் ஒரு சொல். "நொட் ஸ்பைசி" என்று நாங்கள் சொல்வது எங்கட நாக்கை வைத்து. தட்டை வடையில் செத்தல் மிளகாய் நொறுக்கிப் போட்டிருந்தால் "எ லிற்றில் சிலி" என்று முன்னமே சொல்லிவிடுங்கோ.

எந்தப் பலகாரமும் ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தம் இல்லை. உங்கள் இங்கிலிஷ் வகுப்பில் ஈரானியர், இந்தோனேசியர், வியட்நாமியர் எல்லாரும் இருப்பார்கள். கொக்கிஸைக் கண்டால் ஈரானியர் ஆச்சரியப்படுவார்கள். அவர்களிடமும் அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கிற "நான் பஞ்சரே" என்ற பலகாரம் இருக்கிறது. ஜன்னல் ரொட்டி என்று அர்த்தம். கொக்கிஸ் என்ற பெயரே ஒல்லாந்தர் பிஸ்கற்றுக்குச் சொல்லும் சொல்லில் இருந்து வந்தது என்று சொல்வார்கள். தொதலைக் கொண்டு போனால் இந்தோனேசியரும் மலேசியரும் "டொடொல்" என்று தங்கள் பெயரிலேயே கூப்பிடுவார்கள். புட்டைக் கண்டாலும் அப்படித்தான். மூங்கிலுக்குள் அவிக்கிற ஒரு வகை "புத்து" இந்தோனேசியாவிலும் இருக்கிறது. எள்ளுருண்டையைக் கிரேக்கர் கண்டால் தங்களுடைய "பஸ்தெலி" என்பார்கள். அது எள்ளும் தேனும் சேர்த்தது. மெல்பேர்ணில் ஓக்லி பக்கம் இருக்கிறவர்கள் கிரேக்கக் கடைகளில் பார்க்கலாம். எங்களில் பலருக்கு "நாங்கள் மட்டும் வித்தியாசமான ஆட்கள்" என்ற கூச்சம் இருக்கிறது. கொக்கிஸ் தட்டு ஒன்றைச் சுற்றி நாலு நாட்டவர் நின்று "எங்களிடமும் இருக்கு" என்று சொல்லும்போது அந்தக் கூச்சம் பாதி போய்விடும். இங்கிலிஷ் கதைக்கவும் அதைவிட நல்ல பாடம் இல்லை. படிப்பித்த பழக்கத்தில் சொல்கிறேன்.

உண்மையாகவே அவர்களைக் குழப்புகிறவை எங்கட பனம்பண்டங்கள்தான். பனாட்டைக் கறுப்பாகத் தோல் மாதிரிக் கண்டுவிட்டு "இது சாப்பிடுகிற பொருளா" என்று கேட்பார்கள். பனம்பழத்தின் களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்தது என்று விளக்கத் தேவையில்லை. "ஃபுறூட் லெதர்" என்று சொல்லுங்கோ, உடனே விளங்கும். இங்குள்ள பிள்ளைகள் அப்பிள், ஸ்ரோபெரி போன்ற பழங்களில் அதே மாதிரி ஒன்றைச் சாப்பிடுகிறார்கள். புழுக்கொடியலை மட்டும் சும்மா நீட்டிவிடாதேங்கோ. தும்பை உரித்து, நடுக்குருத்தை எடுத்து, சின்னத் துண்டாக முறித்து மென்று காட்டிவிட்டுக் கொடுங்கோ. இல்லாவிட்டால் கரட் கடிக்கிற மாதிரிக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்வார்கள். பனங்காய்ப் பணியாரத்தின் வாசம் சிலருக்குப் பிடிக்கும், சிலர் முகத்தைச் சுழிப்பார்கள். அதற்காக மனம் நோக வேண்டாம். "வெரி இன்ரறெஸ்ரிங்" என்று சொல்லி அரைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஒடியல் கூழைப் பாடசாலைக்குக் கொண்டு போவதைவிட வீட்டுக்கு வருகிற அயலவருக்குக் கொடுப்பதுதான் நல்லது. அதற்குள் நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒன்றாகக் கிடப்பதைப் பார்த்து மிரண்டாலும், இரண்டாவது தரம் கேட்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

எள்ளும் கஜுவும் பற்றி

இந்தப் பகுதியைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கோ.

ஊரில் "ஒவ்வாமை" என்றால் ஒரு கடி, ஒரு தடிப்பு என்று நினைத்துக்கொள்வோம். இங்கே பல பிள்ளைகளுக்குச் சில சாப்பாடுகள் உடம்பில் சேர்ந்தால் சில நிமிடங்களிலேயே மூச்சு அடைத்து உயிருக்கே ஆபத்து வரலாம். இதை "அனஃபிலக்சிஸ்" என்கிறார்கள். கச்சான், கஜு போன்ற பருப்பு வகைகள், பால், முட்டை, எள்ளு, மீன், நண்டு இறால் வகை, சோயா, கோதுமை ஆகியவை முக்கியமானவை. கடையில் விற்கிற பெட்டிகளில் இவை இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். உங்கள் வீட்டுப் பலகாரத்தில் அப்படி ஒரு பெட்டி இல்லை. நீங்கள்தான் அந்தப் பெட்டி.

எங்கட பலகாரங்களில் இவை ஒளிந்து கிடக்கின்றன. எள்ளுருண்டையில் எள்ளு இருப்பது கண்ணுக்குத் தெரியும். முறுக்கில் கொஞ்சம் தூவியிருப்பதும், நல்லெண்ணெயே எள்ளெண்ணெய்தான் என்பதும் யாருக்கும் தெரியாது. தொதலிலும் லட்டிலும் கேசரியிலும் கஜு. கொக்கிஸ் மாவில் பலர் முட்டை சேர்ப்பார்கள். சீனிச் சம்பலில் மாசி. மாசி என்றால் மீன் என்று நாங்கள் நினைப்பதே இல்லை, ஆனால் மீன் ஒவ்வாத பிள்ளைக்கு அது மீன்தான். கடையில் வாங்குகிற பெருங்காயத்தூள் பலவற்றில் கோதுமை மா கலந்திருக்கும். ஆதலால் அரிசி மாவில் செய்தேன், கோதுமை இல்லை என்று சொல்லமுன் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கோ. கச்சான் பொரித்த அதே எண்ணெயில் முறுக்குப் பொரித்தால் அந்த முறுக்கும் கச்சான் ஒவ்வாத பிள்ளைக்குக் கூடாது.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஒரு துண்டுக் கடதாசியில் பலகாரத்தின் பெயர், அதற்குள் என்ன இருக்கிறது என்று எழுதிப் பிளேற்றோடு வையுங்கோ. எழுதக் கஷ்டம் என்றால் ரீச்சரிடம் வாயால் சொல்லுங்கோ: "திஸ் ஹாஸ் செசமி", "திஸ் ஹாஸ் கஷ்யூ", "திஸ் ஹாஸ் எக்". சில பாடசாலைகள் கச்சானும் மற்றப் பருப்புகளும் கொண்டு வரவேண்டாம் என்று கேட்டிருப்பார்கள். அதைக் கடிதத்தில் பாருங்கோ. கடிதம் விளங்காவிட்டால் 131 450 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொடர்புபடுத்துவார்கள்.

பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஊரில் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்காமல் சாப்பிட்டால் "என்ன வளர்ப்பு" என்று கேட்போம். இங்கே மத்தியானச் சாப்பாட்டைப் பகிரக் கூடாது என்பது பல பாடசாலைகளில் விதி. உங்கள் பிள்ளை நீட்டிய கச்சான் அல்வாவை மற்றப் பிள்ளை வேண்டாம் என்று தள்ளினால் அது நிறபேதமோ அவமதிப்போ அல்ல. அந்தப் பிள்ளைக்கும் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

யாராவது சாப்பிட்டவுடன் உதடு, முகம் வீங்கினாலோ, தொண்டை அடைத்து மூச்சு இழுத்தாலோ, குரல் மாறினாலோ உடனே 000 எடுங்கோ. "அம்புலன்ஸ்" என்ற ஒரு சொல் போதும், பிறகு "ரமில்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஆளை எழுந்து நடக்க விடாதேங்கோ. அவர்களிடம் "எப்பிபென்" என்ற ஊசி இருக்கலாம், அதை உடனே போட வேண்டும்.

அவர்களுடைய மேசையில்

நீங்களும் அவர்களுடைய சாப்பாட்டைப் பார்த்துக் குழம்பத்தான் போகிறீர்கள். வெஜிமைற் என்ற கறுப்புப் பசையைச் சொக்கிலேற் என்று நினைத்துக் கரண்டியால் அள்ளிப் பாணில் பூசிவிடாதேங்கோ. 1923ஆம் ஆண்டு தொடக்கம் விற்பனையில் இருக்கிறது, மெல்பேர்ணில் பிறந்தது. பியர் வடிக்கும்போது மிஞ்சுகிற ஈஸ்ற்றில் இருந்து செய்வது. கடும் உப்பு. பட்டர் பூசிய பாணில் சாடையாகத் தடவ வேண்டும். லாமிங்டன் என்ற கேக்கைக் கண்டால் உங்களுக்குப் பிடிக்கும். சொக்கிலேற்றில் தோய்த்துத் தேங்காய்ப்பூவில் புரட்டியது. ஆனால் முட்டை இருக்கும், சைவக்காரர் கவனம். ஏப்ரல் 25ஆம் திகதி ஒட்டி வருகிற அன்சாக் பிஸ்கற்றில் ஓட்ஸும் தேங்காய்ப்பூவும் இருக்கும். வழமையான செய்முறையில் முட்டை இல்லை. பாணில் பட்டர் பூசிக் கலர் கலராக மிட்டாய் தூவிய "ஃபெயரி பிறெட்" என்பது பிள்ளைகளின் பிறந்தநாள் சாப்பாடு. மாஷ்மலோ, ஜெலி மிட்டாய் போன்றவற்றில் ஜெலற்றின் இருந்தால் அது பெரும்பாலும் மாட்டில் இருந்தோ பன்றியில் இருந்தோ எடுத்ததாக இருக்கும். "நோ தாங்ஸ், ஐ ஆம் வெஜிற்றேரியன்" என்றால் ஒருவரும் கோவிக்க மாட்டார்கள்.

பிளேற்றின் அடியில் உங்கள் பெயரை ஒட்டிவிடுங்கோ, திரும்பி வரும். கழுவித்தான் வரும், வெறுமனேதான் வரும். ஏதாவது போட்டுத் தருகிற வழக்கம் இங்கே இல்லை. குறையாக எடுக்க வேண்டாம்.

ஊரில் இருந்து வருகிற பார்சல்

அம்மா அனுப்புகிற பார்சலைப் பற்றி எங்களிடம் அடிக்கடி கேட்கிறீர்கள். இந்த நாடு தன்னுடைய விவசாயத்தை நோய், பூச்சியில் இருந்து காப்பதில் மிகவும் கண்டிப்பு. கால்நடைகளுக்கு வருகிற கோமாரி நோய் இங்கே 1872ஆம் ஆண்டுக்குப் பிறகு வரவே இல்லை. இலங்கையிலும் இந்தியாவிலும் அது இருக்கிறது. அதனால்தான் பால் சேர்த்த பலகாரம், இறைச்சி வகை எல்லாவற்றிலும் கைவைக்கிறார்கள். கப்ரா வண்டு என்று தானியத்தைத் துளைக்கிற ஒரு பூச்சி காரணமாக 2020ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் அரிசி, பயறு, பருப்பு, கடலை, கச்சான், சீரகம், மல்லி, செத்தல் மிளகாய் போன்றவற்றைத் தபாலிலோ பயணப் பையிலோ கொண்டு வருவதை எந்த நாட்டில் இருந்தானாலும் தடைசெய்தார்கள். பச்சை இலை, விதை, பழம் எதுவும் வேண்டாம்.

தபால் பார்சல்களை எக்ஸ்றே கருவியாலும் மோப்ப நாயாலும் பார்க்கிறார்கள். கூடாத பொருள் இருந்தால் அழித்துவிடுவார்கள் அல்லது திருப்பி அனுப்புவார்கள். அம்மா இரண்டு நாள் அடுப்படியில் நின்று செய்தது அப்படிப் போவதைவிட, அனுப்ப வேண்டாம் என்று சொல்லுவது நல்லது. அவ கேட்க மாட்டா என்றால் கொம்பனி பொதிசெய்து முத்திரையிட்ட பொருளாகப் பார்த்து, சுங்கப் படிவத்தில் உள்ளே இருப்பதை ஒழுங்காக எழுதி அனுப்பச் சொல்லுங்கோ. "அன்பளிப்பு" என்று மட்டும் எழுதுவது உதவாது. உங்கள் உறவினர் யாராவது விமானத்தில் வந்தால், பயண அட்டையில் சாப்பாடு இருக்கிறது என்று கட்டாயம் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் ஆகக் கூடியது பொருளைப் பறிப்பார்கள். மறைத்தால் ஆயிரக்கணக்கான டொலர் அபராதம் வரலாம், தற்காலிக விசாவில் வந்தவருக்கு விசாவே ரத்தாகலாம். சிட்னியில் பெண்டில் ஹில், வென்ற்வேர்த்வில், ஹோம்புஷ் பக்கத்திலும் மெல்பேர்ணில் டண்டினோங் பக்கத்திலும் எங்கட கடைகள் இருக்கின்றன. சிவப்பரிசி மாவில் இருந்து அநேகமாக எல்லாம் வாங்கலாம்.

விற்க நினைத்தால்

உங்கள் பலகாரம் நன்றாக இருந்தால் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்லுவார்: "அக்கா, நீங்கள் இதைச் செய்து வித்தால் என்ன?" பிறகு வட்ஸ்அப் குழுவில் ஓர்டர் எடுக்கத் தொடங்கிவிடும். தொடங்கமுன் இரண்டு விஷயம் பாருங்கோ.

முதலாவது உங்கள் விசா. பிறிட்ஜிங் விசாக்கள் எல்லாம் ஒன்றில்லை. சிலருக்கு வேலை செய்ய அனுமதி உண்டு, சிலருக்கு இல்லை. விசாக் கடிதத்தில் 8101 என்ற இலக்கம் இருந்தால் வேலை செய்யக் கூடாது என்று அர்த்தம். நூறு முறுக்குச் செய்து காசுக்குக் கொடுப்பதும் வேலைதான். காசு வாங்காமல் செய்தாலும், வழமையாக இந்த நாட்டில் சம்பளம் கொடுத்துச் செய்விக்கிற வேலையாக இருந்தால் அதையும் வேலை என்றே கணக்கெடுக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு பிளேற் பலகாரம் பாடசாலைக்குக் கொடுப்பதில் பிரச்சினை இல்லை. ஆனால் ஒருவருடைய கடைக்கு "உதவியாக" ஒவ்வொரு நாளும் போய்ச் சமைத்துக் கொடுக்கச் சொன்னால் எங்களிடம் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம். வேலை அனுமதி இல்லாதவர்கள், பணக் கஷ்டத்தைக் காட்டி அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதற்கு நாங்கள் உதவுவோம்.

இரண்டாவது உணவுச் சட்டம். சிட்னியில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், மெல்பேர்ணில் 1984ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டிலும் வீட்டில் சமைத்து விற்பவர் கடைக்காரர் மாதிரித்தான். உங்கள் பகுதிக் கவுன்சிலுக்கு முன்னமே அறிவிக்க அல்லது பதிய வேண்டும். அவர்கள் வந்து சமையலறையைப் பார்க்கலாம். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டியிருக்கும். உதவிப்பணம் எடுக்கிறவர்கள் உழைக்கிற காசைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும்.

இதை வாசித்துவிட்டு அடுப்பை அணைத்துவிடாதேங்கோ. 2015ஆம் ஆண்டு மெல்பேர்ணில் புறன்ஸ்விக் ஈஸ்ற் பகுதியில் "சீரீஸ்" என்ற சுற்றாடல் பூங்காவில் "ரமில் ஃபீஸ்ற்ஸ்" என்ற பெயரில் விருந்துகள் தொடங்கின. சமைத்தவர்கள் தடுப்பு முகாமில் இருந்து வெளியே வந்த எங்கட ஆட்கள். நீள மேசைகளில் முன்பின் தெரியாத மெல்பேர்ண் சனம் பக்கத்தில் பக்கத்தில் இருந்து காசு கொடுத்துச் சோறும் கறியும் சாப்பிட்டது. அது ஒரு நிறுவனத்தின் குடையின் கீழ் நடந்த முயற்சி. வீட்டுக் குசினியில் களவாகச் செய்து, எந்த நேரம் யார் அறிவிப்பார்களோ என்று பயந்துகொண்டு இருக்கிறதைவிட, இப்படியான இடங்களைத் தேடுவது சுகம். சமூக நிலையங்களின் சமையலறைகள், உணவுப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகள் பற்றி அறிய விரும்பினால் எங்கள் அலுவலகத்துக்கு வாங்கோ. வரும்போது விசாக் கடிதத்தையும், கவுன்சிலில் இருந்தோ விவசாயத் திணைக்களத்தில் இருந்தோ ஏதாவது கடிதம் வந்திருந்தால் அதையும் உறையோடு கொண்டு வாங்கோ. சில கடிதங்களுக்கு இத்தனை நாளுக்குள் பதில் போட வேண்டும் என்று தவணை இருக்கும். வந்த அன்றே காட்டினால்தான் எங்களால் ஏதாவது செய்ய முடியும்.